கண்ணாடி வாசலில் ஓர் ஆரத்தி

சென்ற வாரம் தனலெட்சுமியை எங்கே விட்டோம்? லுணுகலைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தின் வரிசை வீடான லயத்து வாசலில், கைபேசியைக் காதில் வைத்தபடி, "சரிங்க டீச்சர், கூட்டிட்டே வந்துர்றேன்" என்று அவள் வாக்குக் கொடுத்த இடத்தில். வாக்குக் கொடுத்ததோடு சரி, அன்றிலிருந்து அந்த மனுஷிக்குக் கண் மூடினால் தூக்கம் வரவில்லை.

கூட்டிவருவதாகச் சொன்னது யாரை? மகள் தயானியை. கட்டுநாயக்க விமான நிலையத்தில் வேலை பார்க்கிறாளே, அவளைத்தான். பதுளையில் இருக்கிற லீலாதேவி டீச்சரின் ஒரே மகன், அவனும் வாத்தியாரான சுபாசுக்கு அவளைப் பேசியிருக்கிறது. பிள்ளைகள் இருவரும் முதலில் தாங்களே பேசி முடித்துவிட்டு, பிறகு பெரியவர்கள் பார்த்து வைத்ததுபோல நடக்க விட்ட சம்பந்தம் அது. டீச்சரின் ஆட்கள் யாழ்ப்பாணத்துக்காரர்கள். தோட்டத்துப் பெண்ணா என்று அந்தப் பக்கத்தில் இரண்டொருவர் முணுமுணுத்தபோது, அவர்கள் வாயை அடைத்ததும் டீச்சர்தான். நல்ல மனுஷி, அதில் சந்தேகமில்லை.

நல்ல மனுஷி என்றாலும் ஒரு நிபந்தனை வைத்துவிட்டார். இரவு பகல் மாறி மாறிப் பார்க்கிற வேலை கலியாணத்துக்குப் பிறகு சரிவராது. பதுளையிலேயே காலையில் போய் மாலையில் வரக்கூடிய வேலை ஒன்றைச் சொல்லி வைத்திருக்கிறேன். தயானி அந்த வேலையை விட்டுவிட்டு வர வேண்டும் என்றார். தனலெட்சுமிக்கு அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. மகளை அழைத்துச் சொன்னாள். தயானி, "சரிம்மா" என்றாள்.

ஒரு சொல்லுக்கு ஒன்பது சொல் பேசுகிற மகள் அன்றைக்கு ஒரே சொல்லோடு நிறுத்திக்கொண்டால் எந்தத் தாய்க்குத்தான் நிம்மதி இருக்கும்?

அவளைக் கூட்டிவருகிற நாள் இன்றுதான். மூத்தவன் நிமலன் கட்டாரிலிருந்து வந்து இறங்குவதும் இன்றுதான். போகிற வேனிலேயே இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு வந்துவிடலாம் என்று தனலெட்சுமி முடிவுகட்டியிருந்தாள்.

*

விடியும் முன்பே வேன் வந்து நின்றது. தோட்டத்தில் வெளிநாட்டுக்காரர் ஒருவரைக் கூட்டிவரப் போவதென்றால் வேனில் எத்தனை இருக்கையோ அத்தனைக்கும் லயத்தில் ஆள் தயாராக இருக்கும். இந்தத் தடவை தனலெட்சுமி ஒருத்தரையும் சேர்க்கவில்லை. மகளைத் திருப்பிக் கூட்டிவருகிற பேச்சு நாலு பேர் காதில் விழுவானேன் என்று நினைத்தாள்.

பக்கத்துக் காம்பராவில் இருக்கிற பெரியாயிக்கு இதில் கொஞ்சம் மனத்தாங்கல். ஆனாலும் வந்து நின்று, தாம்பாளம், மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த ஆரத்தித் தண்ணீர்ப் போத்தல், சூடப் பாக்கெட் எல்லாம் பையில் ஏறியதா என்று பார்த்துக் கொடுத்தாள். ஏனென்றால் இந்த யோசனையே அவளுடையதுதான்.

நிமலன் கட்டாரில் காய்ச்சலில் படுத்துக் கிடந்தபோது தனலெட்சுமி மாரியம்மனுக்கு ஒரு நேர்த்தி வைத்திருந்தாள். பிள்ளை இந்த மண்ணில் கால் வைத்ததும் வைக்காததுமாக ஆரத்தி எடுத்துச் சூடம் காட்டுகிறேன் என்று. கால் வைப்பது என்றால் எங்கே? லயத்து வாசலிலா, விமான நிலையத்து வாசலிலா? இதைப் பெரியாயியிடம் கேட்டபோது அவள் யோசிக்கவே இல்லை. தன் மகன் துபாயிலிருந்து வந்த நேரம் விமான நிலையத்துக்கு வெளியே, தகரக் கூரைக்குக் கீழே, எல்லாரும் பார்க்கத்தான் ஆரத்தி எடுத்தாளாம். காவலுக்கு நின்ற பொலிஸ்காரர்கூடத் தொட்டுக் கும்பிட்டாராம்.

"காத்தடிக்கும். பாக்கெட்ட முழுசாவே கொட்டிக்க" என்று சொல்லி அனுப்பினாள் பெரியாயி.

பெரியாயி போய் வந்ததற்கும் இன்றைக்கும் இடையில் அந்த விமான நிலையம் தலைகீழாக மாறிப்போயிருந்தது அவளுக்கு எப்படித் தெரியும்?

பிபிலைப் பக்கமாக இறங்கினால் பாதை கிட்ட. ஆனாலும் வேன் பதுளைக்குப் போய்த்தான் வந்தது. லீலாதேவி டீச்சர் இடியப்பப் பார்சலோடு வீட்டுக் கேற்றடியில் நின்றார். தனலெட்சுமியின் கணவர் சின்னராசாவுக்குக் கலியாண வீட்டுச் சட்டை போட்டால் வாய் திறக்காது. அவர் வேனுக்குள்ளேயே இருந்து கும்பிட்டு வைத்தார். டீச்சர் தனலெட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தயானியிட்டச் சொல்லுங்கோ, நான் அவளுக்கு எதிரியில்லை. பிள்ளைகுட்டி எண்டு வந்தால் ராவில ஆர் பாக்கிறது? நான் எல்லாத்தையும் யோசிச்சுத்தான் சொல்லுறன்."

அந்தக் கையின் சூடும் பேச்சின் நியாயமும் தனலெட்சுமிக்கு இதமாகத்தான் இருந்தன. மகளுக்கு இப்படியொரு மாமியார் வாய்ப்பது லேசா? பெட்டி தள்ளுகிற வேலை போனால் போகட்டும். ஆமாம், மகள் அங்கே பெட்டி தள்ளுகிறாள் என்றுதான் அவள் இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள். லயத்திலும் அப்படித்தான் பேச்சு. தயானி எத்தனையோ தரம் விளக்கிச் சொல்லியும், இவள் கவனம் கொழுந்துக்கூடைக் கயிற்றைச் சரிசெய்வதில்தான் இருந்தது.

*

மஹியங்கனை வளைவுகளில் தலை சுற்றி, கண்டியில் ஒரு பிளேன்டீ குடித்துத் தெளிந்து, அவர்கள் கட்டுநாயக்கவில் இறங்கும்போது பின்னேர வெயில் சாய்ந்திருந்தது.

இறங்கிய தனலெட்சுமி அப்படியே நின்றுவிட்டாள்.

பெரியாயி சொன்ன தகரக் கூரையைக் காணோம். வெயிலில் சிமெந்துக் கட்டின் மேல் குந்தியிருக்கிற சனத்தைக் காணோம். முன்னே நின்றது ஒரு கண்ணாடி மலை. உள்ளே போனால் குளிர்ச்சி. எத்தனை பேர் நின்றாலும் நெருக்கமில்லை. நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரத்தில் கூரை. அதிலிருந்து வெளிச்சம் கண் கூசாமல் இறங்கியது. பலகைகளில் தமிழும் இருந்தது. ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல், இன்ன நாட்டிலிருந்து வந்த விமானம் தரையிறங்கிவிட்டது என்று நல்ல தமிழில் சொல்லிக்கொண்டிருந்தது. தனலெட்சுமி அந்தக் குரலுக்குத் தன்னையறியாமல் "ம்" கொட்டினாள்.

கழிப்பறைக்குப் போய்வந்த பிறகு அவளுடைய மதிப்பு இன்னும் ஏறியது. இத்தனை ஆயிரம் சனம் வந்து போகிற இடத்தில் தரை காய்ந்து கிடக்கிறதே என்று கணவரிடம் ஒரு முறைக்கு இரண்டு முறை சொன்னாள்.

சின்னராசா காது கொடுத்தால்தானே. அவர் ஒரு கண்ணாடித் தடுப்பில் மூக்கு முட்ட நின்றுகொண்டிருந்தார். தேயிலை பெக்டரியில் இளமை முழுக்கக் கழித்த மனிதர். தடுப்புக்கு அந்தப் பக்கம் பெட்டிகள் சுவரைத் திறந்துகொண்டு ஓடும் பட்டியில் வந்தன. ஒன்றோடொன்று மோதவில்லை. ஓரிடத்தில் பட்டி நெரிசலானால் பின்னால் வருவது தானே தாமதித்து வழிவிட்டது. அந்தப் பட்டி ஒரு கிரீச் சத்தம்கூடப் போடவில்லை.

"யாருடி இதுக்கு எண்ண போடுறது?" என்றார் அவர், சட்டையையும் மறந்து வாயைத் திறந்து.

"அது எங்க ஆளுகதான்ப்பா" என்றது பின்னால் ஒரு குரல்.

தயானி. கருநீலச் சீருடை, தூக்கிக் கட்டிய கொண்டை, இடுப்பில் வோக்கிடோக்கி. அம்மாவைக் கட்டிக்கொண்டாள். இருவரும் கொஞ்ச நேரம் விடவில்லை. எதற்காக வந்திருக்கிறோம் என்பது இருவருக்கும் தெரியும். அதனாலேயே ஒருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அம்மாவுக்கு முழங்கால் வலி என்று தயானி அவர்களை முன்வரிசையில் கொண்டுபோய் உட்கார்த்தினாள். தள்ளுநாற்காலியில் வருகிறவர்களின் வீட்டாருக்கென்று விட்டிருந்த இடம் அது. தன் பொறுப்பில் உட்கார வைப்பதாகப் பக்கத்தில் நின்ற சீருடைப் பையனிடமும் சொன்னாள். பிறகு அண்ணனுடைய விமானத்தை இறக்கிவிட்டு வருகிறேன், இங்கேயே இருங்கள் என்றாள்.

விமானத்தை இறக்குவது இவளா என்று சின்னராசா மலைத்துப் போனார். தயானி சிரித்தாள். ஆகாயத்திலிருந்து இறக்குவது விமானி. சக்கரம் நின்ற பிறகு கதவோடு பாலம் பொருந்துவதிலிருந்து, நடக்க முடியாதவருக்கு நாற்காலி போவது, கைக்குழந்தைக்காரி வரிசையில் நிற்காமல் வருவது, எந்தப் பட்டியில் எந்தப் பெட்டி என்பது, கடைசி ஆள் இந்தக் கண்ணாடி வாசலைத் தாண்டுவது வரைக்கும் தன்னுடைய குழுவின் பாடு என்றாள். முன்பெல்லாம் ஒரே நேரத்தில் நாலு விமானம் வந்துவிட்டால் சனம் தோளோடு தோள் இடிபட்டு நிற்குமாம். இப்போது முதல் ஆள் வெளியே வரும்போது அவருடைய பெட்டியும் வந்து காத்திருக்குமாம்.

சொல்லும்போது அவள் முகத்தைத் தனலெட்சுமி பார்த்துக்கொண்டே இருந்தாள். கட்டுநாயக்க என்றாலே மகளுக்கு இப்படியொரு முகம் உண்டு என்பது தொலைபேசியில் தெரியவில்லை.

தயானி சற்றுத் தள்ளிப் போய் ஒரு தூணடியில் நின்றாள். நாலா பக்கமிருந்தும் சீருடைக்காரர்கள் வந்து அவளைச் சுற்றி நின்றார்கள். அவளைவிட வயது கூடியவர்களும் இருந்தார்கள். ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி, நீ அந்த வாசல், நீங்கள் இந்தப் பட்டி என்று பிரித்துக் கொடுத்தாள். சிங்களமும் தமிழுமாகப் பேச்சு. சொன்னதும் கலைந்து போனார்கள்.

"ஏங்க, இது பெரட்டுங்க" என்றாள் தனலெட்சுமி மெல்ல.

தோட்டத்தில் ஆள் பிரித்து வேலை கொடுக்கிற பெரட்டுக் களம் அவளுக்குத் தெரியாததா? பனியில் தலைக்குச் சாக்குப் போட்டுக்கொண்டு, தன் பெயரைக் கூப்பிடும் வரை காத்து நின்று, இன்றைக்கு எந்த மலை என்று கேட்டுப் போன காலைகள் அவள் ஆயுளில் பாதி. கூப்பிடுகிற இடத்தில் தோட்டத்து உத்தியோகத்தர்கள் நிற்பார்கள். அவர்கள் வீட்டில் பிறந்தவர்கள்தான் அங்கே நிற்க முடியும் என்று அவள் நம்பியிருந்தாள். இப்போது அந்த இடத்தில் நிற்பது தன் வயிற்றில் பிறந்தது.

பெருமையில் அவளுக்குக் கண் கலங்கியது. இதிலிருந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போகத்தானே வந்திருக்கிறோம் என்ற நினைப்பும் கூடவே வந்தது. டீச்சரிடம் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், அந்தத் தூணடி ஒரு பக்கம். அவள் எதையும் முடிவு செய்யவில்லை. அதற்குள் திரையில் நிமலன் வருகிற டோஹா விமானம் தரையிறங்கிவிட்டது என்று வந்தது.

*

நேர்த்தி ஞாபகம் வந்ததும் மற்றதெல்லாம் பறந்துவிட்டது.

கணவர் மறுபடி பட்டி பார்க்கப் போயிருந்தார். தனலெட்சுமி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நிமலன் வாசலைத் தாண்டும்போது சூடம் எரிந்துகொண்டிருக்க வேண்டும். ஆனால் அந்த மண்டபத்தில் எங்கிருந்தோ ஒரு குளிர் காற்று ஓயாமல் வந்துகொண்டிருந்தது. இதில் எங்கே பற்றவைப்பது?

ஓரத்தில் ஒரு சின்ன அறை கண்ணில் பட்டது. குழந்தைகளுக்குப் பால் கொடுக்கிற அறை. ஆளில்லை, காற்றில்லை, கூரையும் தாழ்வாக இருந்தது. தாம்பாளத்தை மேசையில் வைத்தாள். செந்நிறத் தண்ணீரை ஊற்றினாள். நடுவில் வெற்றிலை போட்டு, பெரியாயி சொன்னபடி பாக்கெட்டை முழுசாகக் கொட்டினாள். மடியில் செருகியிருந்த நெருப்புப் பெட்டியை எடுத்து, "மாரியாத்தா" என்று கிழித்தாள்.

சூடம் ஓகோவென்று பிடித்துக்கொண்டது. கரும்புகை கூரைக்கு ஏறியது.

உடனே மணி அடித்தது.

இதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். முதல் மணிக்குத் தனலெட்சுமி பயப்படவே இல்லை. சூடம் காட்டினால் மணி அடிப்பதுதானே வழக்கம்? இந்த இடத்தில் இதற்குக்கூட ஏற்பாடு வைத்திருக்கிறார்களே என்று ஒரு கணம் மெய்சிலிர்த்து, தாம்பாளத்தைத் தூக்கிக் கும்பிட்டாள்.

அடுத்த கணம் கதவு திறந்தது. தயானி நின்றாள். அவளுக்குப் பின்னால் தீயணைப்புக்காரர்கள் இருவர். இவர்கள் எங்கே இருந்தார்கள், எப்போது வந்தார்கள் என்று நினைக்க நேரமில்லை. ஒருவர் தாம்பாளத்தைப் பதமாக வாங்கி ஈரத்துணியைப் போட்டு மூடினார். வெளியே அதே தமிழ்க் குரல், பயப்பட வேண்டாம், இருந்த இடத்திலேயே இருங்கள் என்று பதற்றமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தது. கண்ணாடி வாசல் மூடியிருந்தது. பட்டிகள் நின்றிருந்தன. பெரட்டில் பிரிந்து போன அத்தனை பேரும் அவரவர் இடத்தில் நின்று சனத்தை அமர்த்திக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர்கூட ஓடவில்லை.

வோக்கியில் யாரோ அதட்டலாகக் கேட்டார்கள். தயானி அம்மாவைப் பார்த்தாள். பிறகு வோக்கியை வாயருகே கொண்டுபோய்ச் சிங்களத்தில் பதில் சொன்னாள். நீளமாகச் சொன்னதில் தனலெட்சுமிக்கு விளங்கியது ஒரே இடம்தான்.

"மகே அம்மா."

என்னுடைய அம்மா. யாரோ ஒரு பெண் என்று சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை.

அப்போதுதான் தனலெட்சுமிக்குத் தான் செய்தது என்ன என்பது மெல்ல உறைத்தது. முன்வரிசையில் தன் பொறுப்பில் உட்கார வைத்த பிள்ளைக்கு, இத்தனை பேர் முன்னால் தலைக்குனிவு. வேலையே போய்விடும்.

வேலை போகட்டும் என்றுதானே தாயே நீ வந்தாய் என்று நாம் கேட்கலாம். அந்த நேரத்தில் அவளுக்கு அது ஞாபகத்தில் இல்லை.

*

தனலெட்சுமியை அழைத்துப்போன முகாமையாளரின் அறை மண்டபத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஸாஹிர் என்று பெயர். நரை தட்டிய மனிதர். லுணுகலை என்று கேட்டதும் தன் ஊரும் அந்தப் பக்கத்து வெலிமடைதான் என்றார். ஊர்ப்பாசத்தில் விட்டுவிடுவார் என்று பார்த்தால் விடவில்லை. இறங்கியவர்கள் உள்ளே காத்து நிற்க வேண்டியதாயிற்று, தீயணைப்பு வண்டி தன் இடத்தைவிட்டு வர வேண்டியதாயிற்று, இது விளையாட்டல்ல என்று எடுத்துச் சொன்னார். சொன்ன விதத்தில் கோபம் இல்லை, உண்மை இருந்தது. தனலெட்சுமி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

வெளியே மறுபடி சக்கரங்கள் உருளும் சத்தம் கேட்டது. வாசல் திறந்துவிட்டது. நிமலன் இந்நேரம் தாண்டி வந்திருப்பான். எந்தக் கணத்துக்காக மலையிறங்கி வந்தாளோ அது அவள் இல்லாமலே நடந்து முடிந்தது. அதை நினைத்து அழக்கூட அவளுக்கு இப்போது மனசில்லை.

"ஐயா, தப்பு என்னோடது. நேர்த்திக் கடனுன்னு வந்து அறிவில்லாம செஞ்சுட்டேன். என்னைய பொலிசுல குடுத்தாலும் குடுங்க. எம் புள்ளைய மட்டும் வேலைய விட்டு நிப்பாட்டிறாதீங்க. அவளுக்கு இதுதாங்க உசுரு. நான் இன்னைக்குத்தான் பாத்தேன்."

ஸாஹிர் அவளை விசித்திரமாகப் பார்த்தார்.

"நான் எங்கம்மா நிப்பாட்டுறேன்? காலைல அவதானே வந்து இன்னையோட போறேன்னு சொன்னா. ஏன்னு கேட்டேன். எங்கம்மா வரச் சொல்லிட்டாங்கன்னா."

அவர் மேலும் சொன்னார். இந்தக் கட்டிடத்தைத் திறப்பதற்கு முன்னால் மாதக்கணக்கில் ஒத்திகை நடந்தது. வெறும் பெட்டிகளைப் பட்டியில் ஓடவிட்டு, ஆட்களைப் பயணிகள்போல நடக்கவிட்டு, மணியடித்தால் யார் எங்கே நிற்பது என்று திரும்பத் திரும்பப் பழகினார்கள். சலிக்காமல் நின்றவள் தயானி. சற்று முன்னால் ஒருவர்கூட ஓடாமல் நின்றார்களே, அது அவள் பழக்கியது. இவளைப் போக விடத் தனக்கே மனசில்லை. அதனால்தான் அவள் போகிற செய்தியை இன்னும் மேலிடத்துக்குச் சொல்லவில்லை, வேறு ஆளும் பார்க்கவில்லை.

"புள்ள அழல. அழுதிருந்தா நானே உங்களுக்குப் போன் எடுத்திருப்பேன்" என்றார்.

சரிம்மா. அந்த ஒரு சொல்லுக்குள் பிள்ளை எதையெல்லாம் போட்டு மூடியிருக்கிறாள் என்பது தனலெட்சுமிக்கு இப்போது புரிந்தது. டீச்சர் கேட்டார், தான் தலையாட்டினாள். இரண்டு பெரிய மனுஷிகள் பேசி முடித்தார்கள். உனக்கு என்ன விருப்பம் என்று அவளிடம் ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்காதது டீச்சர் மட்டுமல்ல, பெற்றவளும்தான். வெட்கமாக இருந்தது அவளுக்கு.

அவள் எழுந்து கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள்.

*

வேனடியில் நிமலன் நின்றான். மெலிந்திருந்தான், ஆனால் சிரித்தான். தாயைக் கட்டிக்கொண்டு, தனக்காக ஒரு விமான நிலையத்தையே நிறுத்திவிட்டாயே அம்மா என்று கேலி செய்தான். அவள் அவன் தலையையும் முகத்தையும் தடவினாள். நல்லாயிருக்கிறான், அது போதும்.

அவனுக்குப் பின்னால் தயானி வந்தாள். தோளில் ஒரு பெரிய பை. விடுதியில் இருந்ததை எல்லாம் அள்ளித் திணித்திருக்கிறாள் என்று பார்த்தாலே தெரிந்தது. சீருடை இன்னும் மாற்றவில்லை. மாற்றினால் அழுதுவிடுவேன் என்று பயந்தாளோ என்னவோ. அவள் ஒன்றும் பேசாமல் வேனின் பின்கதவைத் திறக்கப் போனாள்.

தனலெட்சுமி கதவில் கை வைத்தாள்.

"ஏத்தாத."

"அம்மா, டீச்சர்கிட்ட நீங்க சொல்லிட்டீங்க."

"சொன்னது நான். மாத்திச் சொல்றதும் நானே சொல்றேன். ஒனக்கு இங்க இருக்கணுமா, பதுளைக்கு வரணுமா? அத மொதல்ல நீ சொல்லு. நான் கேட்டிருக்கணும், கேக்கல."

தயானிக்குக் கண்ணீர் வந்தது. காலையிலிருந்து அடக்கியது எல்லாம் சேர்ந்து வந்தது. அழுதுகொண்டே, "இருக்கணும்மா" என்றாள். "சுபாசும் வேணும். இதுவும் வேணும்."

சின்னராசா அந்தப் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். விடுதி எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டார்.

தனலெட்சுமி தானே எண்ணைத் தேடி அழுத்தினாள். வழக்கமாக யாராவது எடுத்துக் கொடுக்க வேண்டும். மணி ஒருமுறை அடிப்பதற்குள் லீலாதேவி டீச்சர் எடுத்துவிட்டார். அவர் குரலில் பதற்றம். காலையில் பள்ளிக்கூடம் என்று வெளிக்கிட்ட சுபாஸ் பள்ளிக்கூடத்துக்குப் போகவே இல்லையாம். கைபேசியும் எடுக்கிறானில்லையாம். அங்கே வந்திருக்கிறானோ என்று கேட்டார்.

இல்லையே என்றாள் தனலெட்சுமி. வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். வருவோர் போவோர் நடுவில் சுபாஸ் தென்படவில்லை. அவனை நினைத்து ஒரு பயம் வந்தது. ஆனால் சொல்ல வந்ததை இப்போது சொல்லாவிட்டால் பிறகு வாயே வராது என்று அவளுக்குத் தெரியும்.

"டீச்சர், நான் ஒங்களுக்குக் குடுத்த வாக்க திருப்பி எடுத்துக்கிறேன். புள்ள வேலைய விடல. கலியாணம் வேணாங்கிற பேச்சு இல்ல, வேலைய விடுறதுங்கிற பேச்சுத்தான் இல்ல. நாம ரெண்டு பேரும் பேசுனது தப்புங்க. அவகிட்ட நாம கேக்கவே இல்ல."

டீச்சர் பதில் சொல்வதற்குள் தயானியின் இடுப்பில் வோக்கி பேசியது. இன்னொரு விமானம் இறங்குகிறது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். போ என்று தனலெட்சுமி கையசைத்தாள். தயானி கண்ணாடி வாசலை நோக்கி நடந்தாள். பாதி தூரம் போனதும் ஓட்டமாகப் போனாள்.

இப்போது டீச்சர் பேசினார். குரல் இறுகியிருந்தது.

"எனக்கு உங்களோட கதைக்க ஒண்டும் இல்லை. தயானியிட்டப் போனைக் குடுங்கோ. எங்க அவள்?"

தனலெட்சுமி நிமிர்ந்து நின்றாள். மகள் எங்கே என்று இவ்வளவு நாளும் லயத்தில் யார் கேட்டாலும் மழுப்பிச் சொன்ன பதிலை, இன்றைக்குத் தெளிவாகச் சொன்னாள்.

"வேலையில இருக்கா டீச்சர்."